நடுவை இழந்த ஸ்டீயரிங்: 1959 டிரையம்ஃப் டிஆர்3ஏ, ஒரு நிகழ்வு ஆய்வு

நேர்ச் சாலையில் கார் அலைந்தது. இடப்பக்கம் மெல்ல வளையும் சாலையில் மட்டும் ஸ்டீயரிங் எதிலோ சிக்கியதுபோல் இறுகியது. வலப்பக்க வளைவில் அந்த இறுக்கம் இல்லை. இந்த மூன்று செய்திகளையும் முதல் நாளிலேயே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். ஆனால் மூன்றாவதன் பொருள் எனக்கு விளங்க ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதத்தில் செய்தது, தவறவிட்டது, கண்டுபிடித்தது எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன். ஸ்டீயரிங் பெட்டி வைத்த எந்தப் பழைய காருக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

கார் 1959ஆம் ஆண்டு டிரையம்ஃப் டிஆர்3ஏ. நிறுவனம் வைத்த பெயர் டிஆர்3 மட்டும்தான். 1957க்குப் பிறகு அகலமான முகப்போடு வந்த கார்களைப் பிரித்துச் சொல்ல ஆர்வலர்கள் சேர்த்துக்கொண்டதே அந்த 'ஏ'. 1991 சிசி, நான்கு சிலிண்டர். நான் இருக்கும் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில், கேன்லி ஆலையில் செய்த கார். இந்த வகைக் கார்களில் பெரும்பாலானவை அமெரிக்காவுக்குத்தான் போயின. என்னுடையதும் அப்படிப் போய், பல கைகள் மாறித் திரும்பி வந்தது. அதனால் ஸ்டீயரிங் இடப்பக்கம்.

எங்கள் வீட்டுக்கும் இந்த நிறுவனத்துக்கும் பழைய உறவு உண்டு. அப்பா மெட்ராஸில் வைத்திருந்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில், கோவென்ட்ரியின் டிரையம்ஃப் ஹெரால்டைத்தான் அந்தப் பெயரில் செய்தார்கள். ஹெரால்டு இங்கிலாந்தில் வெளியானது 1959இல். அதில் இருந்தது ரேக் அண்டு பினியன் ஸ்டீயரிங், அதாவது ஒரு சிறு பற்சக்கரம் பற்கள் வெட்டிய தண்டை இடமும் வலமும் தள்ளும் வகை. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். விரலால் சுழற்றலாம், விட்டால் தானே நேராகும். அதே நிறுவனம் அதே ஆண்டில் விற்ற ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததோ பழைய பெட்டி. டிஆர் வரிசைக்கு ரேக் வந்தது 1961இல், டிஆர்4 காரில்தான். அப்பாவின் ஹெரால்டில் ஓட்டிப் பழகிய கைக்கு இந்தப் பெட்டி தந்த குழப்பம் கொஞ்சமல்ல.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

ஸ்டீயரிங் சக்கரத்திலிருந்து கீழே வரும் தண்டின் முனையில் திருகுபோல் சுழன்று போகும் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். அதற்குப் பெயர் கேம். அந்தப் பள்ளத்துக்குள் கூம்பு வடிவில் ஒரு முளை உட்கார்ந்திருக்கும். தண்டு சுழலும்போது முளை பள்ளத்தோடு நகரும். முளையைத் தாங்கும் ராக்கர் தண்டு அதோடு திரும்பும். ராக்கர் தண்டின் கீழ் முனையில் மாட்டிய டிராப் ஆர்ம் இடமும் வலமும் வீசி, முன் சக்கரங்களைத் திருப்பும் டை ராடுகளைத் தள்ளும். சரி, இதில் முளையும் பள்ளமும் உரசிக்கொண்டே இருக்கின்றன. எது அதிகம் உரசுகிறதோ அது தேயும். நாம் பெரும்பாலும் நேராகத்தான் ஓட்டுகிறோம். ஆகவே பள்ளத்தின் நடுப்பகுதிதான் முதலில் போகும்.

செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் நடுவில் பள்ளம் மற்ற இடங்களைவிட இம்மி அளவு நெருக்கமாக இருக்கும்படி வடித்திருக்கிறார்கள். நேராகப் போகும்போது ஆட்டம் (ஸ்டீயரிங்கைத் திருப்பியும் சக்கரங்கள் திரும்பாத வெற்று அசைவு) இருக்காது. முழுக்கத் திருப்பும்போது கொஞ்சம் இருந்தாலும் பாதகமில்லை. பெட்டியின் மேல்மூடியில் ஒரு திருகு, அது இளகாமல் பூட்ட ஒரு செக் நட். திருகை முறுக்கினால் முளை பள்ளத்துக்குள் இன்னும் ஆழமாக இறங்கும், ஆட்டம் குறையும்.

அந்தத் திருகு கண்ணுக்கு எதிரே, ஒரு ஸ்பேனருக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆட்டம் என்று சொன்னதும் எல்லாரும் கை வைப்பது அங்கேதான். நானும் காரை வாங்கியதும் வீல் அலைன்மென்ட்டுக்காக ஒரு பட்டறையில் விட்டபோது, 'ஸ்டீயரிங்கில் பிளே இருந்தது, டைட் வைத்துவிட்டோம்' என்று சொல்லித் தந்தார்கள். ஆட்டம் குறைந்தது உண்மை. இடப்பக்க வளைவில் இறுக்கம் தொடங்கியதும் அன்றைக்குத்தான்.

ஆட்டத்தைப் பங்கு பிரித்தல்

பிரிட்டனில் 1960க்கு முந்தைய கார்களுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து 2012இலேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். 2018 மே முதல், பெரிய மாற்றம் எதுவும் செய்யாத 40 வயதான எல்லாக் கார்களுக்கும் அந்த விலக்கு உண்டு. காரைப் பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு மட்டும் நம்மிடமே இருக்கிறது. சோதனைக்கே போனாலும், பெட்டி வகை ஸ்டீயரிங்கில் 380 மி.மீ ஸ்டீயரிங் சக்கரத்தின் விளிம்பில் 75 மி.மீ வரை ஆட்டத்தை அனுமதிக்கிறார்கள். ரேக் என்றால் 13 மி.மீதான். என் காரில் அளந்தது 60 மி.மீ. சட்டப்படி தேறும் கார். ஆனால் எதிரே லாரி வரும்போது 60 மி.மீ என்பது என்ன என்று ஓட்டியவருக்குத்தான் தெரியும்.

இந்த 60 எங்கிருந்து வருகிறது? அதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் கழற்றக் கூடாது என்று முடிவு செய்தேன். மகளை ஸ்டீயரிங் சக்கரத்தின் முன் உட்காரவைத்து, விளிம்பில் ஒரு டேப் ஒட்டி, மெதுவாக இடமும் வலமும் ஆட்டச் சொன்னேன். முன் சக்கரங்கள் தரையிலேயே இருந்தன. எடை அவற்றின்மேல் இருந்தால்தான் மூட்டுகளில் உள்ள தளர்ச்சி வெளியே தெரியும். நான் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துப் பார்த்தேன்.

'அப்பா, இப்போ எவ்வளவு?'

'இன்னும் டிராப் ஆர்ம் அசையவே இல்லம்மா, திருப்பிட்டே இரு.'

டிராப் ஆர்ம் அசைவதற்குள் விளிம்பில் 35 மி.மீ போய்விட்டது. அது முழுக்கப் பெட்டியின் பங்கு. மீதி 25இல் பெரும்பகுதி நடு டை ராடின் ரப்பர் புஷ்களிலும் வலப்பக்கத்தில் அந்த ராடின் மறுமுனையைத் தாங்கும் ஐட்லர் ஆர்மிலும் போனது. ஐட்லர் மேலும் கீழும்கூட ஆடியது. கடைசியில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் பெட்டியே சேசிஸின் மேல் நூலளவு நகர்ந்தது. தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. அதை முறுக்கியதுமே 60 என்பது 52 ஆனது. எந்தப் பாகமும் வாங்கவில்லை.

அப்போதே டை ராடுகளையும் பார்த்தேன். வலப்பக்க முனையில் 14 திருகுப் புரிகள் வெளியே தெரிந்தன, இடப்பக்கத்தில் 6. இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்திருக்க வேண்டும். குறித்து வைத்தேன், ஆனால் அதன்மேல் யோசிக்கவில்லை. இந்த வேலை முழுவதிலும் நான் வருந்துவது இந்த ஒரு இடத்துக்காகத்தான்.

மறுநாள் மேல்மூடித் திருகைக் கால் சுற்றுத் தளர்த்திப் பார்த்தேன். இடப்பக்க இறுக்கம் மறைந்தது. விளிம்பின் ஆட்டம் 90 மி.மீக்கு எகிறியது. அதாவது ஆட்டத்தைக் குறைக்க இறுக்கினால் வேறோர் இடத்தில் பிடிக்கிறது. பிடிப்பை விட்டால் ஆட்டம் வருகிறது. இந்த நிலைக்கு வந்த பெட்டியைத் திருகால் சரிசெய்ய முடியாது.

நடு எங்கே?

நடு டை ராடை டிராப் ஆர்மிலிருந்து பிரித்துவிட்டு, பெட்டியை மட்டும் தனியாகச் சுழற்றினேன். ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சுற்றுகளை எண்ணிப் பாதியில் நிறுத்தினால் அதுதான் பெட்டியின் உண்மையான நடு. (இதை மெதுவாகச் செய்ய வேண்டும். சக்கரங்கள் இணைந்திருக்கும்போது முளை பள்ளத்தின் முனையில் மோதாமல் ஆக்சில் பக்கத்து ஸ்டாப்புகள் காக்கும். பிரித்த பிறகு அந்தக் காவல் இல்லை.) பாதியில் நிறுத்திவிட்டு ஸ்டீயரிங் சக்கரத்தைப் பார்த்தேன். கம்பிகள் நேராக இல்லை. இடப்பக்கம் ஏறக்குறைய எட்டில் ஒரு சுற்றுச் சாய்ந்து நின்றது.

14 புரி, 6 புரி, இடப்பக்க இறுக்கம் மூன்றும் அந்தக் கணத்தில்தான் ஒன்றாகச் சேர்ந்தன.

எனக்கு முன் காரை வைத்திருந்தவர்களில் யாரோ, எப்போதோ டோ-இன் (முன் சக்கரங்களின் முன்பக்கம் லேசாக உள்நோக்கி நிற்கும் அளவு) சரிசெய்திருக்கிறார்கள். இரண்டு டை ராடுகளையும் சம அளவில் திருப்பாமல் ஒன்றை நீட்டி ஒன்றைக் குறுக்கியிருக்கிறார்கள். டோ-இன் சரியாக வந்துவிட்டது. ஆனால் ஸ்டீயரிங் சக்கரம் கோணலாக நின்றது. அதை நேராக்க, நட்டைக் கழற்றிச் சக்கரத்தை ஸ்ப்லைனில், அதாவது தண்டு முனையில் வெட்டிய பற்களில், சில பற்கள் தள்ளி மாட்டிவிட்டார்கள். பார்வைக்கு எல்லாம் நேர். ஆனால் பெட்டி அன்றிலிருந்து தன் நடுவில் வேலை செய்யவே இல்லை. நெருக்கமாக வடித்த நடுப்பகுதி இடப்பக்க வளைவுக்குள் போய்விட்டது. நேராகப் போகும்போது முளை நின்றது ஏற்கெனவே தளர்வாக வடித்த இடத்தில். அந்த இடமும் ஆண்டுக்கணக்கில் தேய்ந்தது. அதன்மேல் பட்டறையில் திருகை இறுக்கியபோது, தேய்ந்த இடத்துக்குச் சரியாக முளை இறங்கியது. வளைவில் உண்மையான நடுவைக் கடக்கும்போது அங்கே இடம் போதாமல் பிடித்தது.

கழற்றியது

இந்தக் காரில் கேமும் ஸ்டீயரிங் தண்டும் ஒரே துண்டு. காரின் மூக்கருகே இருக்கும் பெட்டியிலிருந்து ஓட்டுபவரின் நெஞ்சுவரை இடையில் மூட்டே கிடையாது. ஆகவே பெட்டியோடு தண்டும் முன்பக்கமாகத்தான் வெளியே வரும். அதற்கு பம்பரையும் முன் ஏப்ரனையும் (காரின் முகப்புத் தகடு) கழற்ற வேண்டியிருந்தது. இரண்டு பேர் இல்லாமல் ஏப்ரனைத் தூக்கக் கூடாது, பெயின்ட் போய்விடும்.

ஹாரன், இண்டிகேட்டர் ஒயர்கள் தண்டின் நடுவே ஒரு மெல்லிய குழாய்க்குள் ஓடிப் பெட்டியின் முன்முனையில் வெளியே வருகின்றன. அந்த முனையில் ஒரு நட்டும் ஆலிவ் வளையமும்தான் ஆயிலைத் தடுக்கின்றன. டிஆர் பெட்டிகள் ஒழுகுவது பெரும்பாலும் இங்கேதான். குழாயை வளைக்காமல் உருவ வேண்டும்.

ஸ்டீயரிங் சக்கரத்தைப் புல்லர் வைத்துத்தான் எடுத்தேன். கட்டையால் தட்டினால் அந்த அதிர்ச்சி நேராகக் கேமின் பேரிங்குக்குப் போகும். டிராப் ஆர்ம் பிடிவாதம் பிடித்தது. தீ காட்ட நான் ஒப்பவில்லை. ராக்கர் தண்டு பதம் ஏற்றிய எஃகு, சூடு பட்டால் பதம் இறங்கிவிடும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு, புல்லரை இறுக்கி, ஒரு இரவு அப்படியே விட்டேன். காலையில் ஆர்மின் பக்கவாட்டில் சுத்தியலால் ஒரே தட்டு. விட்டுக்கொடுத்தது.

மூடியைத் திறந்தால் ஆயில் இல்லை. காய்ந்த கிரீஸ். ஒழுக்கைப் பார்த்துப் பயந்து யாரோ சேசிஸ் கிரீஸை அடைத்திருக்கிறார்கள். இந்தப் பெட்டிக்குரியது 90 கிரேடு கியர் ஆயில். முளை ஒருமுறை போய் வந்தால் கெட்டி கிரீஸ் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும், திரும்பிப் பள்ளத்துக்குள் வழியாது. அதன் பிறகு இரும்பும் இரும்பும்தான். ஒழுகும் பெட்டியில் நல்ல ஆயில் இருப்பது, ஒழுகாத பெட்டியில் காய்ந்த கிரீஸ் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

கழுவித் துடைத்துக் கேமை வெளிச்சத்தில் பார்த்தபோது, கணக்குப் போட்ட இடத்திலேயே தேய்மானம் இருந்தது. பளபளவென்ற திட்டு நடுவில் இல்லை; எட்டில் ஒரு சுற்றுத் தள்ளி. உண்மையான நடு லேசாக மெருகேறியிருந்ததே தவிர, விரல் நகத்துக்குத் தட்டுப்படும் படி எதுவும் இல்லை. குழிகளும் இல்லை. குழி விழுந்திருந்தால் பதம் ஏற்றிய மேல்தோல் உடைந்துவிட்டது என்று பொருள், அந்தக் கேமைத் தூக்கிப் போட்டிருப்பேன். யாரோ செய்த தவறே இந்தக் கேமின் நடுவை இத்தனை ஆண்டுகளாகக் காப்பாற்றி வைத்திருந்தது.

முளைக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. கூம்பின் இரண்டு பக்கமும் தட்டையாகத் தேய்ந்திருந்தது. முளையைப் பிதுக்கி எடுத்துக் கால் வட்டம் திருப்பி மாட்டினால் தேயாத பக்கங்கள் வேலைக்கு வரும் என்பது பழைய உத்தி. ஒரு முறை செய்யலாம். என் முளையில் முன்பே திருப்பிய தடம் இருந்ததால் புதிதுதான் தேவை. தபாலில் வந்த முதல் முளையின் அடிப்பக்கத்தில் அரத்தை வைத்து இழுத்தேன், அரம் கடித்தது. பதமே ஏற்றாத இரும்பு! திருப்பி அனுப்பிவிட்டேன். வேறோர் இடத்தில் வாங்கியதில் அரம் வழுக்கியது. அதை லேத் பட்டறை ஒன்றில் கொடுத்து பிரெஸ்ஸில் ஏற்றிப் பின்பக்கம் அறைந்து வாங்கினேன். வீட்டில் செய்யாத வேலைகள் இரண்டே: இதுவும், ராக்கர் தண்டின் புது புஷ்களை ரீமர் ஓட்டி அளவுக்குக் கொண்டுவந்ததும். இரண்டும் நேர்கோட்டில் அமைய வேண்டிய வேலை. என்னிடம் இருக்கும் கருவிகளை நம்பி அதில் இறங்க மனம் வரவில்லை.

டிராப் ஆர்மையும் ஐட்லர் ஆர்மையும் சிவப்புச் சாயம் பூசி விரிசல் பார்த்தேன். சாயத்தைத் துடைத்து வெள்ளைப் பொடியைத் தெளித்தால், விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாக எழும்பும். ஒன்றும் எழவில்லை. இந்தச் சோதனையை யாரும் தவிர்க்க வேண்டாம். பிரேக் போனால் ஹேண்ட்பிரேக் உண்டு, டிராப் ஆர்ம் உடைந்தால் ஒன்றுமே இல்லை.

சேர்த்தது

முதலில் கேமின் பேரிங்குகள். முன்மூடியை ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடு) இல்லாமல் வைத்து, தண்டு லேசாக இறுகும்வரை போல்ட்டுகளை முறுக்கி, மூடிக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் சுற்றிலும் அளந்தேன். அந்த அளவுக்கு ஷிம் போட்டு இறுக்கினால் தண்டு முன்பின் ஆடக் கூடாது. இரண்டு விரலால் சுழற்றினால் சுழல வேண்டும். மூன்று முறை கழற்றி மாட்டிய பிறகுதான் அந்த நிலை வந்தது. அவசரப்பட்டு இதை விட்டால் பின்னால் செய்வதெல்லாம் வீண். தண்டு முன்பின் ஆடுவதும் விளிம்பில் ஆட்டமாகத்தான் வரும், திருகுக்கு அது தெரியாது.

அப்புறம் முளையில் நீலச் சாயத்தை மெல்லப் பூசி ராக்கர் தண்டை இறக்கினேன். கேமை நடுவைச் சுற்றிச் சில முறை திருப்பி எடுத்துப் பார்த்தால், பள்ளத்தின் இரு சுவர்களிலும் நீலம் ஒட்டியிருந்தது, அடியில் ஒட்டவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். முளையின் மூக்கு பள்ளத்தின் அடியைத் தொட்டால், எவ்வளவு இறுக்கினாலும் பக்கவாட்டில் ஆட்டம் போகாது.

ராக்கர் தண்டில் சீல் உட்காரும் இடம் துருவில் அரித்திருந்தது. மெல்லிய எஃகு உறை ஒன்றை அதன்மேல் ஏற்றி, புதிய ஆயில் சீல் போட்டேன்.

கடைசியாக அந்தத் திருகு. பெட்டியை அதன் நடுவில் நிறுத்தி, தண்டை இருபுறமும் கொஞ்சம் ஆட்டியபடியே திருகை இறக்கினேன். நடுவைக் கடக்கும் அந்த ஒரு கணத்தில் மட்டும் கைக்கு மெல்லிய தடை தெரிந்ததும் நிறுத்திச் செக் நட்டைப் பூட்டினேன். பட்டில் நகம் உரசுவதுபோல அவ்வளவுதான். பிறகு முனையிலிருந்து முனைவரை சுழற்றிப் பார்த்தேன். வேறெங்கும் பிடிக்கவில்லை. பழைய திட்டின்மேல் வரும்போது சிறு தளர்ச்சி உண்டு. அது இப்போது வளைவுக்குள் இருக்கிறது. வளைவில் சாலையின் விசை முளையை ஒரே சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருப்பதால் ஓட்டும்போது தெரியாது.

காரில் மாட்டியபோது வரிசையை மாற்றவே இல்லை. பெட்டியை நடுவில் நிறுத்திக் கயிற்றால் கட்டினேன். நடு டை ராடுக்குப் புது ரப்பர் புஷ், ஐட்லருக்குப் புது புஷ். பிறகு இரண்டு டை ராடு முனைகளிலும் புரிகளை எண்ணிச் சமமாக்கி, பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்கு நூல் பிடித்து, இரு பக்கமும் ஒரே அளவில் திருப்பி டோ-இன் வைத்தேன். ரேடியல் டயர் என்பதால் 1.5 மி.மீ போதும் என்று நிறுத்திக்கொண்டேன். எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்டீயரிங் சக்கரத்தைக் கம்பிகள் நேராக வரும்படி ஸ்ப்லைனில் மாட்டினேன். பெட்டி, டை ராடு, அதற்குப் பிறகே சக்கரம். யாரோ இதைத் தலைகீழாகச் செய்ததால்தான் இந்தக் கட்டுரையே எழுத நேர்ந்தது.

சாலையில்

முதல் ஓட்டம் வீட்டுத் தெருவில், நடக்கும் வேகத்தில், இரு பக்கமும் முழுக்கத் திருப்பி. ஸ்டாப்புகள் இரு பக்கமும் முளைக்கு முன்பே தடுக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். மறுவாரம் கெனில்வொர்த் சாலையில் ஓட்டினேன். இடப்பக்க வளைவில் அந்த இறுக்கம் இல்லை. நேரில் அலைச்சல் இல்லை. விளிம்பில் ஆட்டம் 15 மி.மீ. 100 மைல் கழித்து ஏப்ரனுக்குக் கீழே படுத்து, பிராக்கெட் போல்ட்டுகளிலிருந்து ஒவ்வொரு நட்டாக மறுபடி முறுக்கிப் பார்த்தேன், ஒன்றுகூட இளகவில்லை. ஆலிவ் வளையத்திலிருந்து மாதத்துக்கு ஒரு சொட்டு விழுகிறது. தட்டு வைத்திருக்கிறேன்.

திருப்பிவிட்டுக் கையை எடுத்தால் தானே நேராகும் குணம் மட்டும் இந்தக் காருக்கு வரவில்லை. வராது. டிஆர்3இன் முன் சக்கரங்களுக்கு காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, சுழியம்; தானே நேராகும் குணம் பெரிதும் அந்தச் சாய்விலிருந்துதான் வரும். வளைவிலிருந்து கையால்தான் கொண்டுவர வேண்டும். அப்பாவின் ஹெரால்டை நினைத்துக்கொண்டு இதைப் பெட்டியின் கோளாறு என்று மறுபடி திருகில் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காக, மேல்மூடியில் செக் நட்டுக்குப் பக்கத்திலேயே வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு, எனக்குப் பிறகு இந்தக் காரை வாங்குபவருக்காக டை ராடுகளின் புரிக் கணக்கைக் கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: இடம் 10, வலம் 10.